ரெசின் பொருள்கள் கோணாமல், வெடிக்காமல் நிற்க: முழுமையான வழிகாட்டி

ஒரு எலக்ட்ரானிக் பெட்டியின் மூடி. நீளம் 110 மி.மீ., அகலம் 70, தடிமன் 2. கோவையில் எங்கள் சிறிய பட்டறைக்கு ரெசின் பிரிண்டர் (ஒளி பட்டால் இறுகும் திரவப் பிளாஸ்டிக்கான ரெசினை லேயர் லேயராக, அதாவது அடுக்கடுக்காக, இறுக்கிப் பொருள் செய்யும் இயந்திரம்) வந்த முதல் வருடம் அந்த மூடியோடு பட்ட பாட்டில்தான் நான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். அச்சாகும்போது பொருள் ஒட்டி நிற்கும் பிளேட்டிலிருந்து எடுக்கும்போது பளபளவென்று அழகாக இருக்கும். மறுநாள் பெட்டியின் மேல் வைத்தால் நான்கு மூலைகளும் தூக்கிக்கொண்டு நிற்கும். பிரிண்டர்தான் சரியில்லை என்று நினைத்து பில்ட் பிளேட்டைத் திரும்பத் திரும்ப மட்டம் பார்த்தேன், ரெசின் தொட்டியின் அடியில் உள்ள ஒளிபுகும் படலத்தை மாற்றினேன், எக்ஸ்போஷரை, அதாவது ஒவ்வொரு லேயருக்கும் ஒளி கொடுக்கும் நேரத்தை, ஏற்றி இறக்கினேன். இரண்டு வாரமும் ஒரு லிட்டர் ரெசினும் போனதுதான் மிச்சம்.

பிறகு ஒருநாள் மூடியின் மேல் நேர்ப்பட்டையைக் குறுக்காக வைத்து, இடைவெளியில் ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்து, ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் எவ்வளவு வளைந்திருக்கிறது என்று நோட்டில் எழுதினேன். பிளேட்டிலிருந்து எடுத்ததும் 0.1 மி.மீ. கழுவிக் காய்ந்ததும் 0.2. அச்சிடும்போது பொருளைத் தாங்கும் கால்களான சப்போர்ட்டை வெட்டியதும் 0.3. மிச்சத்தையும் இறுக்க யூவி (புற ஊதா) விளக்குப் பெட்டியில் வைத்து எடுத்ததும் 1.2. கோணலில் முக்கால் பங்கு யூவி பெட்டியில், பிரிண்டர் வேலை முடிந்து அணைந்த பிறகு வந்திருக்கிறது! நான் இரண்டு வாரமாகத் தவறான இடத்தில் தேடியிருக்கிறேன்.

அதனால் எந்த அமைப்பையும் மாற்றுவதற்கு முன்னால் உங்களிடம் நான் கேட்பது இதுதான்: பொருள் எந்தக் கட்டத்தில் கெடுகிறது என்று அளந்து பாருங்கள். கோணல், வெடிப்பு, அளவுப் பிழை எல்லாமே கடைசியில்தான் கண்ணுக்குத் தெரியும். ஆனால் அவை உண்டாகும் இடம் வேறு. கீழே உள்ள படிகளை அந்த வரிசையிலேயே தருகிறேன். தொட்டியின் அடியிலிருந்து எல்சிடி திரை வழியாக 405 நானோமீட்டர் ஒளியைப் பாய்ச்சி, பொருளைத் தலைகீழாக பிளேட்டில் வளர்க்கும் மேசை பிரிண்டரை மனதில் வைத்து எழுதுகிறேன். லேசர் இயந்திரத்துக்கும் அடிப்படை இதேதான்.

ரெசின் ஏன் சுருங்குகிறது

திரவ ரெசினில் மூலக்கூறுகள் தனித்தனியாக, கொஞ்சம் இடம் விட்டு இருக்கின்றன. ஒளி பட்டதும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. கோத்துக்கொண்டால் நெருங்கியாக வேண்டும். அந்த நெருக்கம்தான் சுருக்கம். நாம் வாங்கும் சாதாரண அக்ரிலேட் ரெசின்கள் கொள்ளளவில் பல சதவீதம் சுருங்குகின்றன.

அப்படியானால் 100 மி.மீ. நீளப் பொருள் ஏன் 97 ஆக வருவதில்லை? ஒவ்வொரு லேயரும் சுருங்க முயலும்போது அதற்கு முந்தைய லேயர், ஏற்கெனவே இறுகிவிட்டதால், அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. உயரத்தில் குறைந்ததை அடுத்த லேயரின் புது ரெசின் நிரப்பிவிடுகிறது. ஆகவே அளவில் வெளிப்பட வேண்டிய சுருக்கத்தில் பெரும்பங்கு பொருளுக்குள்ளேயே இழுவிசையாகத் தங்கிவிடுகிறது. வெளியே பார்த்தால் நேராக இருக்கும். உள்ளே இழுத்துக் கட்டிய கயிறு போல இருக்கும். பிளேட்டும் சப்போர்ட்டும் பிடித்திருக்கும் வரை அது தெரியாது. அவற்றை எடுத்ததும் பொருள் தனக்குப் பிடித்த வடிவத்துக்குப் போய்விடும்.

இது புதிய பிரச்சினை அல்ல. அமெரிக்காவில் சக் ஹல் என்பவர் ஒளியால் ரெசினை இறுக்கி அச்சிடும் இந்த முறைக்கு 1984-ல் காப்புரிமை கேட்டு 1986-ல் பெற்றார். அந்தத் தொடக்க கால அக்ரிலேட் ரெசின்கள் ஓரம் சுருள்வதற்குப் பேர்போனவை. 1990களில் சுருக்கம் குறைவான எபாக்சி வகை ரெசின்கள் வந்த பிறகுதான் தொழிற்சாலைகள் இதை நம்பி அளவு வேலைக்கு எடுத்தன. இன்று மேசை பிரிண்டர்களுக்கு விற்கும் மலிவான ரெசின்கள் பெரும்பாலும் அக்ரிலேட்தான். அதனால் அந்தப் பழைய தொல்லையும் நம் மேசைக்கு வந்திருக்கிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிரிண்டரிலிருந்து வரும் பொருள் முழுதாக வெந்தது அல்ல. சூளையில் வைக்காத பச்சைப் பானை போன்றது. வடிவம் இருக்கும், பலம் இருக்காது. அழுத்தினால் அமுங்கும், சாய்த்து வைத்தால் சாய்வாகவே பழகிவிடும். பச்சைப் பானையைக் கையாளும் கவனத்தோடு அதைக் கையாண்டால் பாதித் தொல்லை போய்விடும்.

முதல் படி: ரெசினும் வெப்பமும்

பாட்டிலை ஒரு நிமிடமாவது நன்றாகக் குலுக்குங்கள். நிறமி அடியில் தங்கியிருந்தால் மேலே உள்ள ரெசினில் ஒளி அதிக ஆழம் போகும், அடியில் உள்ளதில் குறைவாகப் போகும். ஒரே பாட்டிலில் நேற்று நன்றாக வந்தது இன்று வரவில்லை என்றால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

ரெசின் 25 முதல் 30 டிகிரிக்குள் இருக்கட்டும். கோவையில் டிசம்பர் காலையில் பட்டறை 20 டிகிரிக்கும் கீழே போய்விடும். அப்போது ரெசின் தேன் போல் கெட்டியாகி, பிளேட் இறங்கும்போது ஓரங்களுக்கு விலகி ஓட நேரம் எடுக்கும். லேயர் தடிமன் மாறும், படலத்திலிருந்து பிரியும் விசை கூடும், லேயர்கள் வாய் பிளக்கும். பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் வைத்து எடுத்தாலே போதும். ஊற்றுவதற்கு முன் வெளியே உள்ள ஈரத்தைத் துடைத்துவிடுங்கள்.

இரண்டாம் படி: எக்ஸ்போஷரைச் சோதித்து வையுங்கள்

"ஒட்டவில்லையா, எக்ஸ்போஷரை ஏற்று" என்பதுதான் பொதுவாகக் கிடைக்கும் அறிவுரை. அதைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற வேண்டாம். ஒளியின் அளவுக்கும் அது இறுக்கும் ஆழத்துக்கும் உள்ள உறவு நேர்க்கோடு அல்ல, மடக்கை. ரெசினின் ஊடுருவல் ஆழம் 100 மைக்ரான் என்று வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்போஷரை இரண்டு மடங்காக்கினால் இறுகும் ஆழம் சுமார் 70 மைக்ரான்தான் கூடும். ஆழத்தில் கிடைக்கும் லாபம் கொஞ்சம். பக்கவாட்டில் கசியும் ஒளியால் துளைகள் சிறுத்து, எழுத்துகள் அடைத்து, ஓரங்கள் பருத்துப்போவது நிறைய.

குறைவாகக் கொடுத்தாலும் ஆபத்துதான். பொருள் தொளதொளவென்று வரும். அதில் இறுகாமல் மிச்சம் இருக்கும் பங்கு அதிகம். அந்த மிச்சம் முழுவதும் பிறகு யூவி விளக்கின் கீழ் இறுகும், அங்கேதான் கோணும். மூடி வேலையில் நான் எக்ஸ்போஷரைக் குறைத்துப் பார்த்த நாள்களில் கோணல் கூடியதற்குக் காரணம் இதுதான்.

சோதனைக்கு ஒரு சின்னத் தகடு போதும். அதில் 0.5 மி.மீ. அகலத்தில் ஒரு சுவர், அதே அகலத்தில் ஒரு பள்ளம். 50 மைக்ரான் லேயருக்கு, கருப்பு வெள்ளை திரை உள்ள பிரிண்டரில் 2 விநாடியில் தொடங்கி கால் விநாடி கால் விநாடியாக ஏற்றுங்கள். சுவரும் பள்ளமும் கிட்டத்தட்ட ஒரே அகலத்தில் வரும் இடம்தான் உங்கள் அளவு. ரெசின் பிராண்டு மட்டுமல்ல, நிறம் மாறினாலும் மறுபடி சோதிக்க வேண்டும். கருப்பும் வெள்ளையும் ஒளியைத் தடுக்கும் விதம் வேறு.

மூன்றாம் படி: வரையும்போதே கோணலைத் தடுப்பது

பெரிய, மெல்லிய, தட்டையான பொருள்தான் ரெசினுக்குப் பரம எதிரி. தடிமனை 2-லிருந்து 3 மி.மீ. ஆக்கினால் விறைப்பு மூன்று மடங்குக்கும் மேல் கூடும். விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏற்பப் போவதால் இந்த லாபம். தடிமன் கூட்ட இடம் இல்லை என்றால் உள்பக்கம் குறுக்கும் நெடுக்குமாக 2 மி.மீ. உயரத்துக்கு விலா போன்ற மேடுகள் கொடுங்கள். வயல் வரப்பு போல கட்டம் கட்டமாக இருந்தால் எந்தப் பக்கமும் சுருள விடாது.

தடித்த பகுதியும் மெல்லிய பகுதியும் சட்டென்று சந்திக்கும் இடம் ஆபத்தானது. தடித்தது அதிகமாக இழுக்கும், மெல்லியது அதற்கு வளைந்து கொடுக்கும். அந்த மூலையில் 1 மி.மீ. ஆரத்திலாவது வளைவு கொடுங்கள். கூரான உள்மூலையில்தான் பின்னாளில் முதல் வெடிப்பு விழும்.

உள்ளே குடைந்த பொருள் என்றால் சுவர் 2 முதல் 3 மி.மீ. வைத்து, குறைந்தது இரண்டு ஓட்டைகள் போடுங்கள். ஒன்று ரெசின் வடிய, மற்றது காற்று புக. 3 மி.மீ.க்குக் குறைந்த ஓட்டை எனக்குச் சரிப்பட்டதில்லை, கழுவும் திரவம் உள்ளே போகாது. ஓட்டை பிளேட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். காரணம் இருக்கிறது. கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்துத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பாருங்கள், அடியிலிருந்து பிடித்து இழுப்பது போல் இருக்கும். வாய் படலத்தைப் பார்க்கும்படி அச்சிடப்படும் எந்தக் குழிவான பொருளும் ஒவ்வொரு லேயரிலும் அப்படித்தான் உறிஞ்சிக்கொள்கிறது. சுவர் உப்பும், பிளக்கும், சில சமயம் பொருளே பிளேட்டைவிட்டுப் பிரிந்து விழும். மூடிய முனையின் பக்கம் ஒரு ஓட்டை இருந்தால் அந்த வெற்றிடம் உடைந்துவிடும்.

நான்காம் படி: எப்படிச் சாய்ப்பது, எங்கே தாங்குவது

தட்டையான பொருளை அப்படியே பிளேட்டில் படுக்க வைத்து அச்சிட ஆசை வரும். சப்போர்ட் தேவையில்லை, நேரமும் குறைவு. ஆனால் ஒவ்வொரு லேயரும் முழுப் பரப்பளவில் படலத்தில் ஒட்டி, முழு விசையோடு பிரியும். அடி லேயர்கள் 25, 30 விநாடி ஒளி வாங்குவதால் விளிம்பு வெளியே பிதுங்கும். கடைசியில் பிளேட்டிலிருந்து நெம்பி எடுக்கும்போது பச்சைப் பொருள் வளைந்துவிடும். 5 மி.மீ. தடிமனுக்கு மேல் உள்ள கட்டையான பொருளுக்கு மட்டும் நான் இப்படிச் செய்வேன்.

மற்றதற்கெல்லாம் 30 முதல் 45 டிகிரி சாய்வு. பொருளை பிளேட்டிலிருந்து 5 மி.மீ. உயர்த்திவிட்டால் பிதுங்கல் சப்போர்ட்டின் அடித்தட்டோடு போய்விடும். சாய்க்கும்போது ஸ்லைசரில் (வடிவத்தை லேயர்களாக வெட்டும் மென்பொருள்) லேயர்களை ஒவ்வொன்றாக ஓட்டிப் பாருங்கள். வெட்டுப் பரப்பு மெல்ல மெல்ல வளர்ந்து மெல்ல மெல்லக் குறைய வேண்டும். ஒரு இடத்தில் சட்டென்று பெரிதாகிறது என்றால் அந்த இடத்தில் பக்கவாட்டில் ஒரு கோடு விழப்போகிறது என்று அர்த்தம். பிரியும் விசை திடீரென மாறும்போது பிளேட் தாங்கியின் நெளிவும் மாறுவதால் அந்தக் கோடு வருகிறது.

சப்போர்ட்டை வெறுமனே பொருளைத் தொங்கவிடும் கயிறாக நினைக்காதீர்கள். பச்சைப் பொருளின் வடிவத்தை அதுதான் காப்பாற்றுகிறது. முதலில் பிறக்கும் விளிம்பில் தடித்த சப்போர்ட்டுகளை நெருக்கமாக வையுங்கள். பக்க ஓரங்கள் முழுவதும் 4, 5 மி.மீ.க்கு ஒன்று நடுத்தர அளவில் போதும். தானாகப் போடும் வசதி பெரும்பாலும் நடுவில் நிறையப் போட்டுவிட்டு மூலைகளை விட்டுவிடும். கோணுவது மூலைதான். மூலைகளுக்குக் கையால் சேர்த்துவிடுங்கள். பார்வைக்கு வரும் பக்கத்தில் சப்போர்ட் வேண்டாம், புள்ளித் தழும்பு போகாது.

ஐந்தாம் படி: இயந்திரம் ஓடும்போது

இங்கே நான் அதிகம் சொல்ல மாட்டேன். இயந்திரத்தைப் பற்றித்தான் எல்லோரும் அளவுக்கு மேல் கவலைப்படுகிறோம். ஒன்றே ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள். பிளேட் இறங்கி நின்ற பிறகு ஒளி எரிவதற்கு முன் ஒரு விநாடி ஓய்வு நேரம் வையுங்கள். ரெசின் ஓடி அடங்கவும், வளைந்த தாங்கி நிமிரவும் அந்த ஒரு விநாடி போதும். பக்கவாட்டுக் கோடுகள் பாதியாகக் குறைந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். 2000 லேயர் உள்ள வேலைக்கு அரை மணி நேரம்தான் கூடும்.

லேயர்கள் ஒரே இடத்தில் பிளந்தால் அந்த உயரத்தில் பரப்பு மாறுகிறதா என்று பாருங்கள். எங்கு வேண்டுமானாலும் பிளந்தால் குளிர், குறைந்த எக்ஸ்போஷர், மிக வேகமான தூக்கல் என்ற வரிசையில் சந்தேகப்படுங்கள். தொட்டியின் ஒரே மூலையில் மட்டும் கெட்டால் படலம் தளர்ந்திருக்கிறது அல்லது திரையில் அந்த இடம் மங்கியிருக்கிறது.

ஆறாம் படி: கழுவுவதும் காய வைப்பதும்

பல பட்டறைகளில் அவசரமாகவோ அளவுக்கு மீறியோ செய்யப்படும் வேலை இது. இரண்டு டப்பா ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வையுங்கள், ஒன்று பழையது, ஒன்று புதியது. பழையதில் 3 நிமிடம், புதியதில் 3 நிமிடம். அவ்வளவுதான். ராத்திரி முழுக்க ஊறப்போட்டால் சுத்தமாகிவிடும் என்று நினைப்பது தவறு. பச்சைப் பொருள் ஆல்கஹாலைக் குடித்து உப்பும். மெல்லிய சுவரில் மயிரிழை வெடிப்பு அப்போதே விழுந்துவிடும்.

குடைந்த பொருளுக்குள் சிரிஞ்சால் புது ஆல்கஹாலைப் பீய்ச்சி அடியுங்கள். வெளியே வருவது வழவழப்பில்லாமல் தெளிவாக வரும் வரை நிறுத்த வேண்டாம்.

தண்ணீரில் கழுவும் ரெசின் வசதியானதுதான். ஆனால் தண்ணீரோடு சேரக்கூடியதாக அதைச் செய்திருப்பதால் பின்னாளில் காற்றின் ஈரத்தையும் அது கூடுதலாக இழுக்கும். அளவு முக்கியமான பொருளுக்கு நான் அதை எடுப்பதில்லை. இதைவிட முக்கியம், கழுவிய தண்ணீர் சாக்கடைக்குப் போகக் கூடாது. ரெசின் கலந்த நீர் மீன்களையும் நீர்வாழ் உயிர்களையும் கொல்லும். அகன்ற தட்டில் வெயிலில் வைத்து, இறுகிய கசடை வடிகட்டி எடுத்த பிறகும் அந்த நீரில் ரெசின் மிச்சம் இருக்கும். அபாயக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுப்பதே சரி. கையில் நைட்ரைல் கையுறை எப்போதும் இருக்கட்டும். இறுகாத ரெசின் தோலில் பட்டுப் பட்டு ஒருநாள் ஒவ்வாமை வந்துவிட்டால் அப்புறம் இந்த வேலையையே விட வேண்டியிருக்கும்.

கழுவியதும் உடனே யூவி விளக்கில் வைக்காதீர்கள். உள்ளே குடித்த ஆல்கஹால் வெளியேற வேண்டும். ஈரத்தோடு வைத்தால் வெள்ளைத் திட்டு படியும், உள்ளே மாட்டிய ஆல்கஹால் பிறகு வெளியேறும்போது பொருள் மறுபடி சுருங்கும். காற்றுப் பீச்சி ஊதிவிட்டு, விசிறிக் காற்றில் அரை மணி நேரம், தடித்த பொருள் என்றால் இரண்டு மணி நேரம். முகர்ந்தால் ஆல்கஹால் வாசனை வரக்கூடாது, பார்த்தால் ஈர மினுமினுப்பு இருக்கக் கூடாது. காயும்போது சப்போர்ட் மேலேயே நிற்கட்டும், ஒரு பக்கமாகச் சாய்த்து வைக்க வேண்டாம்.

ஏழாம் படி: யூவி விளக்கின் கீழ்

வீட்டில் அப்பளம் காய வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேல்பக்கம் முதலில் காய்ந்து சுருங்கும், அடிப்பக்கம் இன்னும் ஈரமாக இருக்கும், ஓரம் மேல்நோக்கிச் சுருளும். அதனால்தான் இடையிடையே திருப்பிப் போடுகிறார்கள். என் மூடிக்கு நடந்தது அப்படியே இதுதான். பெட்டிக்குள் ஒரு பக்கமாகப் படுக்க வைத்து, மேலிருந்து ஒளி கொடுத்தேன். மேல்பக்கம் முதலில் இறுகிச் சுருங்கியது. மூலைகள் தூக்கின. பிறகு திருப்பி வைத்தபோது மேல்பக்கம் ஏற்கெனவே கெட்டியாகிவிட்டதால் அடிப்பக்கத்தின் சுருக்கத்தால் அதைத் திரும்ப இழுக்க முடியவில்லை.

இப்போது நான் செய்யும் முறை இது. சப்போர்ட்டை எடுக்காமல் பொருளைச் செங்குத்தாக நிறுத்தி, சுழலும் தட்டில் எல்லாப் பக்கமும் ஒளி படும்படி 30 விநாடி. வெளியே எடுத்து ஒரு நிமிடம் ஆற விடுவேன், ஏனென்றால் இறுகும் வினையே சூடு உண்டாக்கும். விளக்கின் சூடும் சேர்ந்தால் பச்சைப் பொருள் தொய்ந்துவிடும். மறுபடி 30 விநாடி, மறுபடி ஆறல். இப்படி நான்கு முறை. அதன் பிறகு சப்போர்ட்டை வெட்டுவேன். கெட்டியான பிறகு வெட்டினால் புள்ளிக் குழிகள் கொஞ்சம் ஆழமாக விழும், உண்மைதான். பொம்மை, சிலை போன்றவற்றுக்கு நீங்கள் முதலிலேயே வெட்டிவிடலாம், அங்கே தோற்றம்தான் பெரிது. அளவு முக்கியமான தட்டைப் பொருளில் குழியை மணல்தாளால் தேய்த்துவிடலாம், கோணலைத் தேய்க்க முடியாது.

தட்டைப் பொருளுக்கு இன்னும் ஒரு வேலை உண்டு. 4 மி.மீ. தடிமனில் இரண்டு சாதாரணக் கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே மூடியை வைத்து, நான்கு பக்கமும் கிளிப் போட்டு, மிச்ச ஒளியை இரண்டு பக்கமும் மாறி மாறிக் கொடுக்கிறேன். சாதாரணக் கண்ணாடி 405 நானோமீட்டர் ஒளியைத் தடுப்பதில்லை. முடிந்ததும் அப்படியே கண்ணாடிக்குள் ஒரு ராத்திரி இருக்கட்டும். முதலில் 1.2 மி.மீ. தூக்கிய அதே மூடி இந்த முறையில் 0.25 மி.மீ.க்கு வந்தது. திருகு போட்டால் அது தெரிவதே இல்லை.

மேற்பரப்பு பிசுபிசுவென்று நின்றால் காற்றிலுள்ள ஆக்சிஜன்தான் காரணம். மேல்தோலில் நடக்கும் வினையை அது தடுத்துவிடுகிறது. கண்ணாடிப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, பொருளை மூழ்க வைத்து ஒளி கொடுத்தால் அந்தத் தொல்லை தீரும், தண்ணீர் சூட்டையும் வாங்கிக்கொள்ளும். தண்ணீரில் கழுவும் ரெசினுக்கு மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

நம் ஊர் வெயில் இலவசம், அதில் யூவியும் தாராளம். ஆனால் அது ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வரும், சூட்டோடு வரும். சின்ன, கட்டையான பொருளுக்குத் திருப்பித் திருப்பி வைத்துப் பயன்படுத்தலாம். மெல்லிய பொருளை வெயிலில் வைக்காதீர்கள்.

எவ்வளவு நேரம் போதும்? உற்பத்தியாளர் சொன்ன நேரம்தான் தொடக்கம். கூடக் கூட நல்லது என்பது இங்கே செல்லாது. அளவு மீறினால் மஞ்சளாகி, வளையும் தன்மை போய், தட்டினால் சில்லு சில்லாக உடையும்.

எட்டாம் படி: அளவைத் திருத்துவது

20 மி.மீ. கனசதுரம் ஒன்றை அச்சிட்டு, காலிப்பரில் 20.02 வந்ததும் "அளவு சரி" என்று முடித்துவிடுகிறோம். இது நம்மை ஏமாற்றும். அளவுப் பிழையில் இரண்டு தனித்தனி விஷயங்கள் கலந்திருக்கின்றன. சுருக்கம் விகிதப்படி வருவது, பொருள் பெரிதானால் பிழையும் பெரிதாகும். ஒளிக் கசிவு மாறாதது, சிறியதோ பெரியதோ ஒவ்வொரு ஓரத்திலும் ஒரே அளவு பருக்கும். சின்னப் பொருளில் இரண்டும் ஒன்றை ஒன்று மறைத்துவிடும்.

அதனால் 20 மி.மீ. கட்டை ஒன்றும் 100 மி.மீ. கட்டை ஒன்றும் அச்சிடுங்கள். கழுவி, காய்ந்து, முழுதாக இறுக்கி, ஒருநாள் விட்டு அளந்து பாருங்கள். உதாரணமாக 20.02-ம் 99.70-ம் வந்தன என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 79.68. வந்திருக்க வேண்டியது 80. 79.68-ஐ 80-ஆல் வகுத்தால் 0.996, அதாவது 0.4 சதவீதச் சுருக்கம். சுருக்கப்படி பார்த்தால் 20 மி.மீ. கட்டை 19.92 வந்திருக்க வேண்டும், வந்தது 20.02. மீதி 0.10 கசிவு, ஒரு ஓரத்துக்கு 0.05. இப்போது ஸ்லைசரில் பொருளை 100.4 சதவீதம் பெரிதாக்குங்கள். கிடைமட்டத் திருத்தத்தில் 0.05 மி.மீ. உள்ளே இழுங்கள். துளைகளும் அதோடு சரியாகும், ஏனென்றால் கசிவு வெளி அளவைக் கூட்டும்போது துளையைச் சிறிதாக்குகிறது.

உயர அளவுக்கு இதே எண்ணைப் போடாதீர்கள். அங்கே கணக்கு வேறு. அடி லேயர்கள் நசுங்குவதும், கீழ்நோக்கிய பரப்புகளில் ஒளி ஊடுருவித் தடிப்பதும் அங்கே சேர்ந்துகொள்ளும். தனியாக அளந்து தனியாகத் திருத்துங்கள். தாங்கி உருளை (பேரிங்) உட்காரும் துளை போன்ற இறுக்கமான பொருத்தம் வேண்டுமென்றால் துளையைச் சற்றுச் சிறிதாக அச்சிட்டு, துளையைத் துல்லியமாக அகலப்படுத்தும் ரீமர் போட்டு எடுப்பதே சரி.

மாதங்கள் கழித்து வரும் கோளாறுகள்

குடைந்த பொருள் ஒன்று மூன்று மாதம் அலமாரியில் அழகாக இருந்துவிட்டு, ஒருநாள் விரிசல் விட்டு அதன் வழியே பிசினைக் கசியவிடும். உள்ளே இறுகாத ரெசின் தங்கியிருந்தது என்று பொருள். அது சுவரை உள்ளிருந்தே உப்ப வைக்கிறது, அதே சமயம் மெல்ல மெல்லத் தானும் இறுகி இழுக்கிறது. வெளியே எவ்வளவு ஒளி கொடுத்தாலும் ஒளிபுகாச் சுவரைத் தாண்டி உள்ளே போகாது. உள்ளே கழுவி, காயவிட்டு, ஓட்டை வழியாகச் சின்ன யூவி எல்இடியை நுழைத்து இறுக்கிய பிறகே ஓட்டையை அடைக்க வேண்டும்.

சாதாரண ரெசின்கள் 50 முதல் 70 டிகிரிக்குள் இளக ஆரம்பிக்கும். மே மாத வெயிலில் நிறுத்திய காருக்குள் டேஷ்போர்டு அந்த அளவை எட்டிவிடும். அங்கே வைக்கும் பொருளுக்கு வெப்பம் தாங்கும் ரெசின்தான் வேண்டும். திருகு போடும் இடமும் கவனிக்க வேண்டியது. நேரடியாக ரெசினில் திருகை முறுக்கினால் இன்று பிடிக்கும், சில வாரத்தில் ரெசின் மெல்ல விலகித் தளரும் அல்லது ஆரவாக்கில் வெடிக்கும். பித்தளை நட்டை எபாக்சி வைத்துப் பதித்து, தலைக்கு அடியில் அகன்ற வாஷர் போடுங்கள். வெளியில் நிற்கும் பொருளுக்குச் சாயமோ யூவி தடுக்கும் வார்னிஷோ அடிக்காவிட்டால் சூரியன் அதை இறுக்கிக்கொண்டே இருக்கும்.

கோவையில் நகைப் பட்டறைகளுக்கு வார்ப்பு மாதிரி செய்து கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மெழுகு உருகி ஓடிவிடும். ரெசின் உருகாது, சூட்டில் முதலில் உப்பி, பிறகு எரிந்து போகும். உப்பும்போது பிளாஸ்டர் அச்சில் விரிசல் விழலாம். அரைகுறையாக இறுகிய ரெசின் பிளாஸ்டரின் மேல்தோலைக் கெடுக்கும், தங்கத்தில் அது சொரசொரப்பாக வரும். ஆகவே வார்ப்புக்கென்றே உள்ள ரெசின், குறைந்த நேரக் கழுவல், முழுதாகக் காய வைத்தல், முழு இறுக்கம். சூளை அட்டவணையும் ரெசின் உற்பத்தியாளர் சொன்னபடி மெதுவாக ஏறி 700 டிகிரியைத் தாண்டிப் போக வேண்டும். மெழுகுக்குப் பழகிய அட்டவணை இதற்கு உதவாது. சிலிக்கோன் அச்சு எடுப்பவர்களுக்கும் இதே போல ஒரு தொல்லை உண்டு: பிளாட்டினம் வகை சிலிக்கோன் ரெசின் மேற்பரப்பில் இறுகாமல் பிசுபிசுக்கும். 60 டிகிரிச் சூட்டோடு நன்றாக இறுக்கி, மேலே லாக்கர் அடித்து, ஓரத்தில் ஒரு சொட்டு சிலிக்கோன் வைத்துச் சோதித்துவிட்டு ஊற்றுங்கள்.

ஏற்கெனவே கோணிய பொருளை நிமிர்த்த

60 டிகிரித் தண்ணீரில் இரண்டு, மூன்று நிமிடம் வைத்தால் சாதாரண ரெசின் கொஞ்சம் இளகும். எடுத்து இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே, வளைவுக்கு எதிர்ப்பக்கமாக ஓர் அட்டைத் துண்டை வைத்துச் சற்று மிகையாக வளையும்படி கிளிப் போட்டு, முழுதாக ஆறும் வரை தொடாதீர்கள். 100 மி.மீ. நீளத்தில் அரை மி.மீ. கோணல் வரை இப்படி நிமிர்த்தியிருக்கிறேன். யூவி விளக்கில் வைப்பதற்கு முன்பே கோணல் தெரிந்தால், கண்ணாடிக்குள் வைத்து இறுக்குவதில் இன்னும் நன்றாக நிமிரும். அதிகமாக இறுக்கிய, மஞ்சள் தட்டிய பொருளில் இதைச் செய்ய வேண்டாம், கிளிப் போடும்போதே முறியும். ஒரு மி.மீ.க்கு மேல் கோணியதையும் நான் நிமிர்த்துவதில்லை. சூட்டில் நிமிர்ந்தது அடுத்த கோடையில் மறுபடி பழைய இடத்துக்குப் போய்விடுகிறது. அதைத் தூக்கி வைத்துவிட்டு, நோட்டை எடுத்து, எந்தக் கட்டத்தில் எவ்வளவு வளைந்தது என்று அளந்துகொண்டே அடுத்ததை அச்சிடுகிறேன்.